குளித்து வந்தவள்

போன வாரம் வீரபாண்டியில் ஒரு மொட்டை. எனக்கு இல்லை, பயப்படாதீர்கள். என் தையல் கடையில் காஜா எடுக்கிற பெண்ணின் குழந்தைக்கு. கௌமாரியம்மன் கோயிலில் முடியிறக்கி, காதும் குத்தி, பக்கத்திலேயே பந்தி போட்டிருந்தார்கள். காது குத்தும்போது குழந்தை அழுத அழுகைக்கு அதன் அம்மாவும் சேர்ந்து அழுதாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். பிறகு பாயச வாளி வந்தது. ஏலக்காயைக் கை கொள்ளாமல் தட்டிப் போட்டிருப்பார்கள் போல, வாளி நாலு இலை தள்ளி வரும்போதே வாசம் வந்துவிட்டது. என் இலையில் ஊற்றியதை நான் தொடவில்லை.

“என்னக்கா, பாயசத்த அப்பிடியே வச்சுட்டீக? சுகரா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஆமாத்தா, சுகரு” என்றேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. ஏலக்காய் வாசத்துக்குப் பயந்தவள் என்று சொன்னால் கிறுக்கி என்பார்கள். உங்களிடம் சொல்வதற்கு என்ன.

பாயசத்தில் மிதக்கிற ஏலக்காய் வேறு, தோட்டத்து ஏலக்காய் வேறு. செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு நிற்கும். காய் மட்டும் அடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் நகர வேண்டும். கம்பத்திலிருந்து விடியும் முன்னே ஜீப் கிளம்பி, கம்பம் மெட்டு வளைவுகளில் ஏறிக் கேரளத்துக்குள் போய்விடும். பொழுது சாயத்தான் திரும்பி வரும். ஒரு ஜீப்பில் எத்தனை பெண்கள் என்று கேட்காதீர்கள். என் மடியில் யார், நான் யார் மடியில் என்பது வண்டி நின்ற பிறகுதான் தெரியும். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள். அந்த டிபன் பாக்ஸில்தான் மலைக்குச் சோறு கொண்டுபோனேன். படித்த படிப்பு வீண்போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டுக்காரர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். அறுப்பு நேரத்தில் மழை இறங்கி, பந்தலில் இருந்த பழமெல்லாம் வெடித்துப் போனது. அவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார். நான் கம்பத்தில் ஒரு லைன் வீட்டில் கைக்குழந்தையோடு மிஞ்சினேன். தர்ஷினிக்கு அப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். அரிசிக்கு வழி வேண்டும். ஜீப்தான் வழி.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா இல்லையென்றால் நான் அந்த ஜீப்பில் கால் வைத்திருக்கவே முடியாது. நூரக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. “எங்கிட்டப் போட்டுட்டுப் போடி. பிள்ளைக போனப்புறம் சொவத்தத்தானே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்” என்றார். தூங்குகிற குழந்தையை இருட்டில் அவர் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போவேன். கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒரு நாளும் அதைக் காப்பாற்றியதில்லை.

மலையில் பத்து மணி வாக்கில் மார்பு கனத்துக் கல்லாகிவிடும். சட்டை நனைந்து, ஈரம் வயிறு வரை இறங்கும். என் வரிசையில் காய் எடுத்த ஒச்சம்மா மதினி முதல் நாளே பார்த்துவிட்டார்.

“ஏ ஆத்தா, கண்ட எடத்துல பீச்சி விடாத. ஆரு காலுலயும் மிதிபடக் கூடாது. அங்கன ஓடையில போயிப் பீச்சிட்டு வா. சூப்பர்வைசர் கேட்டா ஒண்ணுக்குப் போயிருக்கான்னு சொல்றேன்.”

ஓடைத் தண்ணீரில் என் பால் வெள்ளையாக ஒரு நொடி நிற்கும், பிறகு காணாமல் போகும். என் பிள்ளை அந்த நேரம் கம்பத்தில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்கும். பத்தாவது மாதம் பால் தானாக வற்றிவிட்டது. ‘தொல்லை விட்டது’ என்று ஜீப்பில் சொல்லிச் சிரித்தேன். சிரித்தது உண்மை, சந்தோஷம்தான் பொய்.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் ஓட்டம். ‘கை கால் கழுவிட்டுத் தூக்கு’ என்று லைன் வீட்டில் எல்லாரும் கத்துவார்கள். யார் கேட்டது? அப்படியே அள்ளுவேன். தர்ஷினி என் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, அந்தச் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்புவாள். ஏலச் சாற்றின் வாசம், வியர்வை, அதோடு தோட்டத்தில் அடிக்கிற மருந்தின் நெடி. எல்லாம் சேர்ந்து அதுதான் அவளுக்கு அம்மா. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றி, நைட்டி போட்டு, முடியை விரித்துவிட்டு இருந்தால் மதியம் வரை என்னை ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். நான் அதைச் சிரிப்புக் கதையாகப் போனில் வீட்டுக்காரரிடம் சொல்வேன்.

போனில் அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “பாப்பா என்ன செய்றா?” எனக்கு என்ன தெரியும்? நானே நூரக்காவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாமே பகலில். பகல் எனக்கு மலையில். நூரக்காவோ எதையும் சொல்ல மாட்டார். “என்னத்த செஞ்சா? தூங்குனா, முழிச்சா, திருப்பித் தூங்குனா” என்பார். ஏனென்று பிறகுதான் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். நூரக்கா கன்னத்தில் கை வைத்து, “யா அல்லா! இன்னைக்குத்தான்டி மொதமொத நிக்கிறா!” என்று கூவினார். நின்ற பிள்ளையோ ஒரு கையை விட்டுவிட்டு மூக்கை நோண்டிக்கொண்டிருந்தாள், பல நாள் பழக்கம் போல. எதையும் அம்மாதான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பொய்க்காக நான் அவருக்குக் கோயில் கட்டலாம். அன்றைக்கு என்னவோ சமையலறையில் போய் நின்று அழுதேன்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. முதலில் சளி என்றோம். கற்பூரவல்லிச் சாறு கொடுத்தோம். பிறகு ராத்திரியில் நெஞ்சுக்கூடு உள்ளே போய் உள்ளே போய் வர, இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர் தன் மூச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். நூரக்கா பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்தார். நான் வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் மனுப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும், ஆவி பிடித்து அழைத்து வருவதும், மறுபடி இழுப்பதுமாக இருந்தது. உதடு நீலம் பாரித்த ஒரு நாள் நான் ரோட்டில் ஓடிய ஓட்டத்தில் செருப்பு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு இருந்தது ஒரு புது டாக்டரம்மா. மலையிலிருந்து இறங்கிய கோலத்திலேயே நான் போயிருந்தேன். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

“எங்கம்மா வேலைக்குப் போறீங்க?”

“ஏலத்தோட்டம், டாக்டர்.”

“அங்க மருந்து அடிக்கிறாங்களா? இந்தத் துணியோடதான் பாப்பாவத் தூக்குறீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“இதனாலதான் வருதுன்னு நான் சொல்லல. ஆனா இத மொதல்ல நிறுத்திப் பாப்போம். தலைக்குக் குளிச்சு, துணி மாத்தி, அதுக்கப்புறம்தான் பிள்ளையத் தொடணும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.”

‘இவ்வளவுதானா’ என்று நினைத்தேன். சோப்பும் தண்ணீரும்தானே, அது முடியாதா?

மறுநாள் ஜீப்பை விட்டு இறங்கி, நேராக லைன் வீட்டுக் கடைசியில் இருக்கிற பொதுக் குளியலறைக்குப் போனேன். சட்டையையும் சேலையையும் வாளியில் அமுக்கிவிட்டு, தலைக்கு ஊற்றி, நைட்டியோடு வந்து கையை நீட்டினேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். நூரக்காவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தொட்டதும் வீறிட்டாள். “புதுசா இருக்குல்ல, பழகிரும்” என்றார் நூரக்கா. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அழுதால் மூச்சு இழுக்கும், இழுத்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். அதனால் அவள் தூங்கிய பிறகுதான் நூரக்கா என் பக்கத்தில் கொண்டுவந்து போடுவார். விடியும் முன்னே நான் கிளம்பிவிடுவேன். இதில் கொடுமை என்னவென்றால், இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மா சொன்னது பலித்துக்கொண்டிருந்தது. பிள்ளை மூச்சு விட வேண்டுமென்றால் நான் அவளுக்கு யாரோவாக இருக்க வேண்டும். இப்படி ஒரு கணக்கை எந்தச் சாமி எழுதியது என்று கேட்டுக்கொண்டே காய் பறித்தேன்.

ஒரு நாள் ஜீப் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. வெளிச்சம் இருந்தது. நூரக்கா வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் சட்டையும் துண்டுமாகச் சந்துக்குள் நுழைந்ததைத் தர்ஷினி பார்த்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! நூரக்காவின் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

“ஏய், நடக்குறாடி! சத்தியமா இன்னைக்குத்தான்டி! அல்லா மேல ஆணை, இன்னைக்குத்தான்!” என்று நூரக்கா சோற்றுக் கையோடு எழுந்து நின்று கத்தினார். அந்த ஒரு தடவை அவர் நடிக்கவில்லை.

பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வருகிறாள். எந்தத் தாயும் என்ன செய்வாள்? குத்தவைத்துக் கையை விரிப்பாள். நான் பின்னால் போனேன். “வராதத்தா... அங்கனயே நில்லு... வராத...” என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் போனேன். அது என்னவோ விளையாட்டு என்று நினைத்து அவள் இன்னும் சிரித்தாள், இன்னும் நடந்தாள். நான் விலக விலக அவள் நடை நீண்டது. சந்து முடிந்தது. குளியலறைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டேன்.

கதவில் இரண்டு கையாலும் தட்டினாள். பிறகு அழுதாள். நூரக்கா தூக்கப் பார்த்திருக்கிறார், திமிறியிருக்கிறாள். உள்ளே நான் சட்டையைக் கிழிக்காத குறையாகக் கழற்றி, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். சோப்பு கையில் நிற்கவில்லை. ‘இதோ வந்துட்டேன், அம்மா இதோ வந்துட்டேன்’ என்று கத்திக்கொண்டே குளித்தேன். தலையில் நுரையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தர்ஷினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அழுகை நின்றது. என்னைச் சுற்றி எட்டி, எனக்குப் பின்னால் குளியலறைக்குள் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். உள்ளே போன அம்மா வருவாள் என்று அந்தத் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நூரக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு எத்தனையோ கஷ்டம் வந்து போயிருக்கிறது. அதைப் போல ஒன்று வரவில்லை.

அப்புறம் என்ன, பிள்ளைகள் எதற்கும் பழகிவிடும். சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம், குளித்துவிட்டு வந்த என்னை நோக்கித் தத்தித் தத்தி வந்து நைட்டியைப் பிடித்தாள். “வந்துட்டாடி, ஒங்கிட்ட வந்துட்டா!” என்று நூரக்கா கை தட்டினார். தூக்கினேன். தோளில் சாய்ந்தாள். மூச்சு சீராக வந்தது. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நூரக்காவும் கூட அழுதார்.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. இடித்து, கீழே செல்போன் கடையும் மேலே டியூஷன் சென்டரும் வந்துவிட்டது. நூரக்கா மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். வீட்டுக்காரர் திரும்பி வந்து சரக்கு வண்டி ஓட்டுகிறார். நான் தையல் பழகி, மலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. தர்ஷினி ஒன்பதாவது படிக்கிறாள். மழையில் நனைந்துவிட்டு வந்து ஐஸ்கிரீம் தின்றாலும் ஒரு தும்மல் வருவதில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. குறை சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கக் கூடாது.

ஆனாலும் சட்டையும் துண்டுமாக மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அந்த ஒருத்தி போய்விட்டாள். அவளைப் பார்த்துத்தான் என் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது. எத்தனை நாள் அவளைத் தேடியதோ, இனி அவள் வரமாட்டாள் என்று எந்த நாளில் விட்டுவிட்டதோ, எனக்குத் தெரியாது. அதுவும் ஏதோ ஒரு பகலில்தான் நடந்திருக்கும். நான் மலையில் இருந்திருப்பேன்.