கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு விழுந்த அறை

என் அப்பா கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கன்னத்தில் அறைந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். இப்போது சொன்னாலும் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில், மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த கேஸ் குடோனுக்கு அப்பாதான் பொறுப்பு. எங்களை அதட்டக்கூடத் தெரியாத மனுஷர், குடோன் கேட்டைத் தாண்டினால் வேறு ஆளாகிவிடுவார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் கேட்டுக்கு வெளியே. ஆணி அடித்த செருப்புக்கு அனுமதி கிடையாது. சிலிண்டரை உருட்டிய லோடுமேனுக்கு அன்று முழுக்கத் திட்டு விழும். வீட்டிலும் விடமாட்டார், அம்மா அடுப்பு பற்றவைக்கும் முன்னால் அடுக்களையில் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மீன்கொழம்பு மணம் இவருக்குத் தெரியாது. கேஸ் மணம் மட்டும் தெரியும்" என்பாள் அம்மா.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியும் அப்பாவுக்கு லீவு இல்லை. நானும் தம்பியும் பாடப்போன எங்கள் சபையின் கேரல் குழுவில், தாத்தாவாகச் சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியும் மாட்டி ஆடியவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன்; அவர் முன்னால் அப்பா நாற்காலியில்கூட உட்காரமாட்டார். வீடுவீடாகப் பாடி முடித்ததும் பெரியப்பாவுக்குத் தம்பி நினைப்பு வந்துவிட்டது.

"லீவு இல்லன்னா அவனுக்குப் பாட்டும் கெடையாதா? வாங்க மக்கா, குடோனுக்குப் போவோம்."

வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டு அடித்துக்கொண்டு கேட்டருகே போனபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. நாங்கள் எல்லோரும் என் தம்பியைத்தான் பார்த்தோம்.

"ஏலே, நீதானே?"

"நான் இல்ல, சத்தியமா!"

ஒழுகிய சிலிண்டர் ஒன்றைச் சற்று முன்புதான் அப்பாவும் லோடுமேனும் தூக்கி வந்து, வேலியோரத் திறந்தவெளியில் தனியாக வைத்திருந்தார்கள். அதுதான் விதி. கேஸ் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து வரும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முகமூடிக்குள் இருந்த பெரியப்பாவுக்கு ஒரு மணமும் எட்டவில்லை. வீட்டுக்கு வீடு செய்ததைப் போலவே அங்கிப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். நான் கம்பி மத்தாப்பை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா எப்படி வந்தார் என்று தெரியவில்லை. பளார் என்று ஒரு சத்தம். முகமூடி தெறித்து விழுந்தது, தீப்பெட்டி அப்பாவின் கையில் இருந்தது. கொட்டு நின்றுபோனது. தன் தம்பி கையால் அடிவாங்கிய பெரியப்பா கன்னத்தைப் பிடித்தபடி நின்றார்.

"ஓடுங்க மக்கா! ரோட்டுக்கு ஓடுங்க!"

அது அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. ஓடினோம்.

வெகுநேரம் கழித்து அப்பா ரோட்டுக்கு வந்தார். ஒவ்வொரு பிள்ளையின் தலையாகத் தொட்டுப் பார்த்தார். என் தலைக்கும் கை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாத்தாவையே அடித்தவரோடு என்ன பேச்சு?

பெரியப்பா மெதுவாக வந்து, அடித்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

இன்னொரு அடி விழாமலிருக்கத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, பெரியப்பாவுக்காகப் பயந்து, நான் சத்தம் போட்டு அழுதேன்.