அனுப்பாத கடிதம்

கோணேஸ்வரி கனடாவில், மல்வேர்னில் இருந்த தம்பி ஜனார்த்தனன் வீட்டுக்கு வந்தது தொண்ணூற்றைந்து வைகாசியில். தம்பி பெண்சாதி கோபிகாவுக்குப் பிள்ளைப்பேறு, துணைக்கு ஆளில்லை என்று தொலைபேசியில் அழுதார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டாதவள். சுவிற்சர்லாந்தில் ஒரு சின்னப் பட்டணத்து முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாகச் சலவை வேலை. தனி அறை, தன் பெயரில் வாடகைச் சீட்டு, தபால்பெட்டியிலும் தன் பெயர். இன்னும் ஒரு வருடம் போனால் பன்னிரண்டு வருடக் கணக்கு நிரம்பிவிடும், பிரஜாவுரிமை கேட்கலாம். அங்கே அதை ஊர்ச் சனம் கூடி வாக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கும்; ஓம் சொல்லுமோ இல்லை சொல்லுமோ, அது வேறு கதை. கேட்கும் தகுதியாவது வந்துவிடும்.

அதுவரைக்கும் அவளிடம் இருந்தது சீ பெர்மிட் என்கிற நிரந்தர வதிவிட அனுமதி. ஆறு மாதம் தொடர்ந்து வெளிநாட்டில் நின்றால் அது செத்துவிடும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் தவணை நீட்டித் தருவார்கள், பிந்திப்போனால் காலில் விழுந்தாலும் நடவாது. இந்தச் சட்டம் அவளுக்கு மனப்பாடம்.

ஐந்தாம் மாதம் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். கோபிகாவின் முகம் சுருங்கிப்போனது.

"நான் மார்கழியில வேலைக்குப் போகவேணும் மச்சாள். இந்தப் பச்சைப்பிள்ளையை ஆரிட்ட விடுறது?"

கோணேஸ்வரிக்கு மனம் இளகிவிட்டது. சமையலறை மேசையில் இருந்து, இன்னும் ஆறு மாதம் தரும்படி ஜேர்மன் மொழியில் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஜனார்த்தனன் அதை வாங்கிக்கொண்டான். "எங்கட வேலையில ஃபாக்ஸ் இருக்கு அக்கா. நாளைக்கே அடிச்சுவிடுறன்."

மறுநாள் வந்து, "போட்டாச்சு" என்றான்.

பதில் வரவில்லை. அந்த நாட்டுக் கந்தோர்க்காரர் ஒரு கிழமைக்குள் பதில் எழுதாமல் விடமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், கூடப்பிறந்தவன் சொன்னதை நம்பினாள்.

மார்கழியில் பிள்ளையின் தடுப்பூசி அட்டையைத் தேடித் தம்பியின் ஃபைலைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கடிதம் அழகாக மடித்தபடி இருந்தது. அதற்கு அடியில், அவள் கனடாவில் விசிற்றராகத் தங்குவதை நீட்டிக்கத் தம்பி போட்ட விண்ணப்பத்தின் பிரதி. அது நாள் தவறாமல் போயிருந்தது.

"மறந்துபோனன் அக்கா."

"கனடாக்காரனுக்கு எழுத மறக்கேல்லையே?"

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தினான். "அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள் எல்லாரும் இஞ்சதானே இருக்கிறம்."

"அங்க நான் இருந்தனான்ரா."

அவள் தானே பிளாசாக் கடைக்குப் போய் ஃபாக்ஸ் அடித்தாள். எட்டாம் நாள் பதில் வந்தது. மரியாதையாக எழுதியிருந்தார்கள்: பெர்மிட் முடிந்துவிட்டது. மரியாதையாக எழுதினால் வயிறு எரியாதா என்ன?

பிறகு கனடாவிலேயே தங்க மனிதாபிமான அடிப்படையில் ஒரு விண்ணப்பம் போட்டு, இரண்டரை வருடமாகியும் முடிவு வராமல் காத்திருந்தாள். அந்தப் பேப்பர் வருமட்டும் வேலை செய்ய முடியாது, வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. காலையில் கஞ்சி, பின்னேரம் பிள்ளையின் உடுப்புத் தோய்ப்பு. சுவிசில் இதே சலவைக்கு அவளுக்குச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் இருந்தன. இங்கே கிடைத்தது, 'மச்சாள் மாதிரி ஒரு ஆள் கிடைக்க நீ குடுத்துவைச்சனீ' என்று கோபிகாவின் சிநேகிதிகள் சொன்ன பாராட்டு. அதுவும் கோபிகாவுக்குத்தான்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் ஜனார்த்தனன் கனடாப் பிரஜையாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தான். அன்று பின்னேரம் ஹோலில் விருந்து. கேக்கில் சிவப்பு மேப்பிள் இலை போட்டிருந்தது. அவன் மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தான்.

"கடைசியா எங்கட அக்கா. எங்களுக்காகச் சுவிசையே விட்டுக்குடுத்தவ."

சனம் கைதட்டியது. கோணேஸ்வரி மடியில் இருந்த பிள்ளையைக் கதிரையில் இறக்கிவிட்டு எழும்பினாள்.

"நான் விட்டுக்குடுக்கேல்லை. என்ர கடிதத்தை நீ ஒளிச்சு வைச்சனீ."

கைதட்டல் நின்றது. கோபிகா அவசரமாக ஒரு கேக் துண்டோடு ஓடிவந்தாள். கோணேஸ்வரி அவளைப் பார்க்கவே இல்லை.

"நீ இண்டைக்கு இந்த நாட்டு ஆள் தம்பி, சந்தோசம். மைக் உன்ர கையிலதானே கிடக்கு. நான் எந்த நாட்டு ஆள் எண்டு இந்தச் சனத்துக்கு ஒருக்காச் சொல்லு."