கையெழுத்து அச்சடித்த கட்டு

கிடங்கில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலாவது, அவ்வளவுதான். "நாலாவது, அந்த வண்டியை இப்படித் தள்ளு." "என்ன நாலாவது, மூணு பேரைத் தாண்ட முடியலையா உன்னால?" என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு, அட்டை ஆட்டத்தின் உலகப் போட்டியில் அவன் நாலாமிடம் வந்தான். அறுபது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. அரக்கர்களும் கோட்டைகளும் வரைந்த அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏவி ஆடும் மூளைக் கணக்கு. அது சூதாட்டம் இல்லை என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லியே அவன் அக்காவுக்கு வாய் வலித்துப்போனது.

அந்த நாலாமிடம் அவனுக்கு மூன்று வருஷ உரிமை கொடுத்தது. தகுதிச் சுற்று இல்லாமல் நேரே உலகப் போட்டியில் ஆடலாம். அட்டைகளை அச்சடித்துப் போட்டி நடத்தும் கம்பெனிக்கு அதைவிட அதிகம் கொடுத்தது. அவன் கட்டை அட்டைக்கு அட்டை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தை அச்சடித்து, பெட்டியில் அவன் முகத்தைப் போட்டுச் சேகரிப்பவர்களுக்கு விற்றார்கள். பின்பக்கம் மட்டும் வேறு நிறம்; அழகு பார்க்கலாம், போட்டியில் ஆட முடியாது. மூளை அவனுடையது, முகம் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது. அவனுக்கு வந்தது ஒரே ஒரு பெட்டி. போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது நீட்டிய தாள்களின் எட்டாம் பக்கத்தில் இதற்கெல்லாம் அவன் சம்மதித்திருந்தானாம். எட்டாம் பக்கம் வரை படிக்கவிட்டுக் கையெழுத்து வாங்குகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்?

முதல் வருஷம் போட்டி வேறு நாட்டில். விமானச் சீட்டு வாங்க வழியில்லை. இரண்டாம் வருஷம் கிடங்கில் லீவு தரவில்லை. மூன்றாவதும் கடைசியுமான வருஷம் போட்டி அவன் ஊருக்கே வந்தது. முதல் எட்டுக்குள் வந்தால் சம்பளத்துக்கு ஆடும் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பாரம் தூக்க வேண்டாம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அலமாரியைத் திறந்தான். போன மாதம் வீடு மாறியபோது சாமான் கட்டியவள் அக்கா.

"அக்கா, கருப்பு டப்பால இன்னொரு கட்டு இருந்துதே, எங்க?"

"அந்தப் பழசா? அது எதுக்குடா இப்ப? உன்னோடதுதான் துணி சுத்தி பத்திரமா வெச்சிருக்கேனே."

"எங்கக்கா அது?"

"அதுல உன் பேரே இல்ல. கீழ பொடி எழுத்துல வேற யார் யாரோ பேரு. அட்டைங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையெல்லாம் அழுக்கு. காப்பகத்துப் பிள்ளைங்க விளையாடட்டும்னு குடுத்துட்டேன்."

நாலாமிடம் வாங்கித் தந்த அசல் கட்டு அதுதான்; அந்தப் பொடி எழுத்துப் பெயர்கள் படம் வரைந்தவர்களுடையவை. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவள் ஆயாவாக வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு, அவள் சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்துப் போனான். சுவரில் ஒரு பெரிய மீன். அதன் செதில்கள் அவனுடைய அட்டைகள். வட்டமாக வெட்டிப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஒன்றை நகத்தால் நெம்பினான். படம் உரிந்து கையோடு வந்தது.

கடையில் விலை கேட்டான். அவன் ஆடிக் காட்டிய பிறகு எல்லோரும் அந்தக் கட்டையே தேடியதில், அசல் அட்டைகளின் விலை அவன் எட்ட முடியாத உயரத்துக்குப் போயிருந்தது. கூட ஆடுகிற ஒருவனிடம் இரவல் கேட்டான். "மன்னிச்சுக்கப்பா, நானே உன் கட்டைத்தான் ஆடுறேன்" என்றான் அவன்.

சனிக்கிழமை நடுவர் மேசையில் நகல் கட்டை வைத்தான்.

"இது செல்லாது தம்பி" என்றார் நடுவர்.

"உறை போட்டா பின்பக்கம் தெரியாது சார். அறுபதும் அதே அட்டைங்க."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா இது நகல்."

"நான் ஆடினதுக்குத்தான் சார் இது நகல். அந்த ஆளே வந்து நிக்கிறேன்."

"விதியில அப்படித்தான் இருக்கு."

"ஏன்னு இருக்கா?"

"ஏன்னெல்லாம் போட மாட்டாங்க தம்பி."

ஏன் என்ற கேள்விக்கு இடமில்லாத விதிகளை எழுதுகிறவர்கள் விதி செய்யும் மேசையில் இருக்கிறார்கள். ஆடுகிறவர்கள் அங்கே இருப்பதில்லை. நடுவர் கெட்டவர் அல்ல. பட்டியலில் அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பிறகு தன் பையிலிருந்து அவன் முகம் போட்ட பெட்டியொன்றை எடுத்து, "தப்பா நினைக்காதீங்க, இதுல ஒரு கையெழுத்து..." என்று பேனாவை நீட்டினார். யோசிப்பதற்குள் அவன் கை போட்டுவிட்டது.

மண்டபத்துக்குள் மேசைகள் நிறைந்துகொண்டிருந்தன. வாசல்வரை வந்து கொஞ்ச நேரம் நின்றான். பாதி மேசைகளில் அவனுடைய கட்டுதான் ஆடப்போகிறது.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். "என்னடா, இவ்வளவு சீக்கிரம்?"

"முதல் சுத்துலயே தோத்துட்டேன்கா."

அவள் அவன் தோளைத் தொட்டாள். "போனாப் போகுது விடு. அடுத்த வருஷம் எங்க நடக்குது?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"தூரம்கா" என்றான்.