தச்சர் குராமும் எங்கள் தெரு வாழ்த்தும்

பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் நகரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கூடாரப் பண்டிகைக்கு பால்கனியில் பந்தல் போட்டுத் தருபவர் தச்சர் குராம். பலகைச் சுவர், மேலே தழைக் கூரை. பண்டிகைக்கு முந்தின வாரம் அவருடைய சுத்தியல் சத்தத்தில் யாரும் மத்தியானம் கண்ணயர முடியாது. அவரும் யூதர்தான்; ஜார்ஜியா நாட்டில் குத்தாயிசி என்ற ஊரில் பிறந்தவர். மனைவி சியாலாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது.

இந்தப் பண்டிகைக்கு இடத்துக்கு இடம் ஒரு பெயர். கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர்களான நாங்கள் 'சுக்கெஸ்' என்போம், இஸ்ரேல்காரர்கள் 'சுக்கோத்' என்பார்கள். வாழ்த்தும் அப்படித்தான். எங்களுக்குள் இத்திஷ் மொழியில் 'குட் யொந்தேவ்'. வெளியாள் என்றால் எபிரேயத்தில் 'ஹக் சமேயாஹ்'. இரண்டுமே நல்ல பண்டிகையாக அமையட்டும் என்றுதான் சொல்கின்றன. ஆனால் யாருக்கு எதைச் சொல்வது என்று எல்லோர் மனதிலும் ஒரு கணக்கு உண்டு. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குராம் இத்திஷ் கற்றுக்கொண்டார். மீன்கடையில் பேரம் பேசும் அளவுக்கு, என் கணவர் அன்ஷெலோடு சண்டை போடும் அளவுக்கு. தொழுகைக்கூடத்து வாசலில் 'குட் யொந்தேவ்' என்று அவரே முந்திக்கொள்வார். எதிரே வருபவர் அந்தப் பெரிய மீசையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே 'ஹக் சமேயாஹ்' என்பார். மரியாதையாகத்தான். இதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். 'குட்' என்று ஆரம்பித்துப் பாதியில் மாற்றிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை குராம் கேட்டேவிட்டார்.

"இத்தனை வருஷமா உன் பால்கனியில ஆணி அடிக்கிறேன். எனக்கு மட்டும் ஏன்யா விருந்தாளி வாழ்த்து?"

"உங்க ஆளுங்களுக்கு அதுதானே பழக்கம்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு குராம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் காத்திருந்தே கிழவராகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லைதான். தொழுகைக்கூடத்தில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்துகொண்டு கத்திச் சொல்லவா முடியும்?

போன கோடையில் அவருடைய அம்மா இறந்துபோனார். பிறகு பண்டிகை வந்தது. அன்று மாலை தொழுகைக்கூடத்து வாசலில் வந்தவர்கள் எல்லோரும் குராமின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, வாயைத் திறக்காமல் நகர்ந்தார்கள். 'குட் யொந்தேவ்' இல்லை. 'ஹக் சமேயாஹ்'கூட இல்லை. குத்தாயிசியில் அவருடைய அப்பா இறந்தபோது, பண்டிகையன்று ஊரே வீடு தேடி வந்து வாழ்த்தியதாம். குராம் முகம் சிவந்துபோய் அன்ஷெலின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"நான் என்னய்யா தப்பு பண்ணேன்? அந்த விருந்தாளி வாழ்த்துக்கும் இப்ப வழியில்லையா?"

என் கணவர் திருதிருவென்று விழித்தார். "அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பலையே. துக்கக்காரனுக்கு நம்ம ஆளுங்க யாரும் வாழ்த்துச் சொல்றதில்லையேப்பா. இதப் போய்க் கேக்கறியே."

குராம் சட்டையை விட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் சியாலா, வால்நட் அரைத்துவிட்ட கத்தரிக்காயை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு எங்கள் பந்தலுக்கு வந்தாள். முந்தின நாள் குராம் வீட்டு வாசலில் நுழையும்போதே மீசைக்குள் சிரிப்பாம். அம்மா போனதிலிருந்து அவர் சிரித்தே அவள் பார்க்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறாள்.

"ஒருத்தர்கூட எனக்கு வாழ்த்துச் சொல்லலடி" என்றாராம்.