தூலேயிலிருந்து ஒரு சாண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டில் மலாக்காவின் காஜா பெராங் மக்களுக்கு எது குறைவாக இருந்தாலும், உலகத் தூரங்கள் தெரியாத குறை மட்டும் இல்லை. வாசகசாலைச் சுவரில் மூன்றடி அகல உலகப் படம் தொங்கியது. அதனடியில், மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி. பக்கத்தில் “தூர விசாரணை: சேதுபதி” என்று பலகை. பகலெல்லாம் அவர் பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. மாலை ஆறுக்குப் பிறகு பூகோளம் முழுவதும் அவர் பொறுப்பு.

கருவி, மனைவி பூங்காவனத்தின் தையல் நூல். மலாக்காவிலிருந்து மதராஸ் ஆயிரத்து எழுநூறு மைல் என்று அவர் சொன்னால், கேட்டவர் போய்வந்த களைப்போடு வீடு திரும்புவார். சேதுபதி ஆகாய விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வாசகசாலைச் செயலாளர் பொன்னுதுரைக்கு அந்த நாற்காலி மேல் வெகுநாளாகக் கண். தூரத்துக்காக அல்ல, காற்றுக்காக. ஒரு புதன்கிழமை வந்து நின்றார்.

“கிராணி, கிரீன்லாந்துல தூலே, அலாஸ்காவுல ஃபேர்பேங்க்ஸ். ரெண்டுலயும் விமானம் எறங்குதாம். நடுவுல எவ்வளவு?”

நூல் ஒரு சாண் நீண்டது. “ஆறாயிரம் மைல். மணிக்கு முந்நூறு மைல் விமானத்துல இருபது மணி நேரம். கம்பளி எடுத்துக்குங்க.”

பொன்னுதுரை சட்டைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை உருவினார். “ஆறே மணி நேரம்னு போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை கமிட்டி. பதில் சொல்லுங்க, இல்ல பலகையைக் கழட்டிடுவோம்.”

அன்று இரவு சோற்றின் முன் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார் சேதுபதி. பூங்காவனம் ரவிக்கைக்குத் துணி வெட்டியபடியே கேட்டாள்.

“உலகம் உருண்டைதானே?”

“அதுல என்ன சந்தேகம்?”

“அப்புறம் ஏன் தட்டையா விரிச்சு அளக்குறீங்க? தோள்பட்டையை நான் அப்படி அளந்தா, காஜா பெராங்ல ஒருத்தி கையைத் தூக்க முடியாது.”

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து உலக உருண்டையின் முன்னால் சேதுபதி மண்டியிட்டார். மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஆயிரத்து எண்ணூறு மைல். ஆறு மணி நேரம். வியர்த்துப்போய் மதராஸை அளந்தார். அது மட்டும் அதே ஆயிரத்து எழுநூறு! முகம் மெல்ல மலர்ந்தது.

கமிட்டி கூடியதும், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்தார்.

“ஆறு மணி நேரம்தான். நான் சொன்னது தப்பு. வடக்கே போகப்போக இந்தப் படம் ஊதிக்கிட்டே போகுது. கிரீன்லாந்தைப் பாருங்க, ஆப்பிரிக்காவுக்கு அண்ணன் மாதிரி உட்கார்ந்திருக்கு. வடக்கத்தி துரைமார் போட்ட படம். நம்ம பக்கம் மட்டும் கடுகளவும் பிசகில்லை.”

“அப்ப தப்பு துரை மேலயா?” என்றார் பொன்னுதுரை.

“என் மேலதான். பதினோரு வருஷமா உருண்டையைத் தட்டையா அளந்திருக்கேன்.”

இப்படி ஒருவர் தானாகவே ஒப்புக்கொண்டு கமிட்டி பார்த்ததில்லை. என்ன செய்வதென்று அவர்களுக்கே விளங்கவில்லை. தலைவர் நல்லையா தொண்டையைக் கனைத்தார்.

“சுதந்திரம் கெடச்சு நாடே நம்ம கைக்கு வரப்போற நேரம். நம்ம பக்கத்துத் தூரத்தைச் சரியாச் சொல்ற ஆளை எதுக்கு எழுப்பணும்? வடக்கத்தி விசாரணையை மட்டும் நிறுத்தி வைப்போம். என்ன சொல்றீங்க?”

கைகள் உயர்ந்தன. பொன்னுதுரையின் கையும் பாதிவரை உயர்ந்தது. மீதிப் பாதியைத் துண்டால் கழுத்தைத் துடைக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

சேதுபதி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். மூவார் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“இருபத்தெட்டு மைல்,” என்றார், நூலைத் தொடாமலே. “பஸ்ஸுல ஒண்ணேகால் மணி. டயர் வெடிச்சா அது உங்க தலையெழுத்து.”