சர்வேக்கு வர்றாங்க... பெயிண்ட் அடி!

போன வாரம் பச்சைமலை அடிவாரம் வரைக்கும் போய் வந்தேன். ஓசிப் பயணம்தான். புத்தூரில் இருக்கும் என் கொழுந்தன் பிரகாஷ் அரசாங்க இன்ஜினியர். "உப்பிலியபுரம் பக்கம் சர்வே அண்ணி, வர்றீங்களா?" என்றான். ஸ்ரீரங்கத்திலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவனுடைய சொந்தக் கார் — உடனே மனு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள்.

என்ன சர்வே? பல வருஷங்களுக்கு முன்னால் அரசாங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். கம்பி துருப்பிடித்து, கூரை பெயர்ந்து, எப்போது யார் தலையில் விழும் என்று தெரியாத நிலை. எந்த வீடு ஆபத்து என்று பார்த்து செல்போனில் ஏற்ற வேண்டும். அதை வைத்துத்தான் ரிப்பேருக்குப் பணம் வரும். 'நல்ல நிலை' என்று ஏற்றிவிட்டால்? ஒரு மூட்டை சிமென்ட்கூட வராது.

தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடிந்த வீடுகளைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தால்... அத்தனை வீடும் எலுமிச்சை மஞ்சளில் ஜொலிக்கிறது! விரிசல் இருந்த இடமெல்லாம் பூசி மெழுகியாயிற்று. வாசலுக்கு வாசல் கோலம் வேறு.

ஊர்த் தலைவர் சால்வையோடு ஓடி வந்தார். "வாங்க சார், வாங்கம்மா! ஆபீசருங்க வர்ற நேரத்துல நம்ம தெரு அசிங்கமாத் தெரியலாமா? அதான் ஆளு வச்சு ஜோரா அடிச்சுட்டோம்."

ஜுரம் வந்தவன் டாக்டரிடம் போவதற்கு முன்னால் மாத்திரை போட்டு ஜுரத்தை இறக்கிக்கொண்டு போவானே... அந்தக் கதைதான். கேட்டால் மரியாதையாம்!

முதல் வீடு செல்வியுடையது. புருஷன் தொட்டியத்தில் வாழைத்தார் வெட்டப் போயிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. எங்களைப் பார்த்ததும் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேர் வாங்கி வந்து போட்டாள். பிரகாஷ் உட்காரவில்லை. உள்ளேயும் போகவில்லை. வாசல்படியில் நின்றபடியே போனை நீட்டி, சுவரையும் கூரையையும் போட்டோ எடுத்தான்.

"வீடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க சார்."

வேறென்ன சொல்வாள்? வாசலுக்கு வந்தவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? மூட்டு வலியில் உயிர் போனாலும் 'நல்லா இருக்கோம், நீங்க?' என்றுதானே சொல்கிறோம். அதே பதிலைக் கூரைக்கும் சொல்லிவிட்டாள், பாவி மகள். இவனும் 'நல்ல நிலை'யைத் தேடி விரலை நகர்த்திக்கொண்டிருந்தான்.

எனக்கு அங்கே ஒன்று உறுத்தியது. உச்சி வெயில். குழந்தையின் தூளி வெளியே வேப்ப மரத்தில் தொங்குகிறது.

"ஏம்மா, இந்த வெயில்ல புள்ளையை வெளிய போட்டிருக்கே?"

செல்வி தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள கொக்கி இல்லைங்கம்மா. போன மழையில காரையோட சேர்ந்து விழுந்திடுச்சு."

"ஐயையோ! குழந்தை?"

"நல்லவேளை, எங்கிட்ட பால் குடிச்சிட்டு இருந்தான். அதுக்கப்புறம் மேல ஒரு சேலையைக் கட்டி வச்சிருந்தேன், உதிர்றது தலையில படாம. நீங்கல்லாம் வர்றீங்களேன்னு நேத்துதான் அவுத்துட்டேன். பார்க்க நல்லா இருக்காதுல்லங்க?"

"டேய் பிரகாஷ், அமுக்கித் தொலைக்காதே!" என்று கத்தினேன். கொழுந்தனை டேய் போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எடுத்த எடுப்புலயே எப்படிங்க சார் குறை சொல்றது?"

"ஆனா போட்டோவுல ஒண்ணுமே தெரியலையே அண்ணி... எல்லாம் புதுசா இருக்கு. மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"தெரியணுமா சார்?" என்றாள் செல்வி. கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டடைக் கம்பை எடுத்தாள். படியில் நின்றபடியே கையை நீட்டிக் கூரையில் லேசாகத் தட்டினாள். அவ்வளவுதான்!

டமார்!

பிரகாஷ் ஒரே தாவில் தெருவுக்கு வந்துவிட்டான். புழுதி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். கூரையில் துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கீழே, நேற்று அடித்த பெயிண்டோடு ஒரு பெரிய காங்கிரீட் பாளம். குழந்தை மட்டும் உள்ளே இருந்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நேத்துதானம்மா பெயிண்ட் அடிச்சோம்!"

கூரை விழுந்ததற்கு அல்ல. பெயிண்டுக்கு!

பிரகாஷ் போட்டோ எடுத்து, 'ஆபத்தான நிலை' என்று ஏற்றி முடித்தான். பிறகு தலைவர் பக்கம் திரும்பினான். "இவ்வளவு மோசமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுங்க சார். வீடு வீடாப் பெயிண்ட் அடிச்ச ஆளுங்ககூட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அவங்க எங்கங்க உள்ள வந்தாங்க?" என்றாள் செல்வி. இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. "மேல அண்ணாந்து பார்த்தாங்க. 'எங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு'ன்னு சொல்லிட்டு வெளிச்சுவரை மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. உள்ள பூரா நான்தானே பூசி, பெயிண்ட் அடிச்சேன்!"

அடுத்த சர்வேக்கு இன்ஜினியரை அனுப்பாதீர்கள் சார்... பெயிண்டரை அனுப்புங்கள்.