தேர்தல் இல்லாத ஊரில் ஓட்டுக் கேட்டவள்

எங்கள் ஊர் நூலகக் கதவில், காணாமல் போன பூனையைத் தேடும் நோட்டீசுக்குப் பக்கத்தில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. உறுப்பினர் ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டதால் சிட்டி கவுன்சிலில் ஓர் இடம் காலி, விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம், மற்ற ஐந்து உறுப்பினர்களும் கூடிப் பேசி, அடுத்த தேர்தல் வரைக்கும் ஒருவரை நியமிப்பார்கள். ஒலிபெருக்கி இல்லை, சுவர் விளம்பரம் இல்லை. ஒரு பதவி இவ்வளவு சத்தமில்லாமல் காலியாவதை அமெரிக்காவில்தான் பார்த்தேன். பூனைக்காவது போட்டோ போட்டிருந்தார்கள்.

சொந்த ஊரான மங்கலத்தில் எனக்கிருந்த ஓட்டுரிமையை விட்டுவிட்டுத்தான் இந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கினேன். அதற்கு ஈடாக இங்கே ஒரு நாற்காலி வேண்டும் என்று பிடிவாதமாகவே ஆசைப்பட்டேன். விண்ணப்பித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏங்கண்ணு, எத்தன பேரு சேந்து முடிவு பண்றாங்க?"

"அஞ்சு பேருங்கம்மா."

"அஞ்சா? நம்ம பக்கத்து ஊட்டுலயே அஞ்சு ஓட்டு இருக்குது. ஊடு ஊடாப் போயிக் கேளு சாமி. கேக்காம உக்காந்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு ரோட்டுல நடப்பே?"

அம்மா அப்படிக் கேட்டு ஜெயித்தவர். மங்கலம் ஊராட்சியில் எங்கள் வார்டு உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் வந்தபோது, வீரபாண்டி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையிலிருந்த அம்மா துணிந்து நின்றார். கிடைத்த சின்னம் பூட்டு சாவி. வார்டு முழுக்க விசைத்தறிக் கூடங்கள். தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. நிறுத்தச் சொன்னால் அவர்கள் கூலி போகும். அதனால் அம்மா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, பூட்டைத் திறப்பதுபோலக் கையை ஒரு திருகு திருகிக் காட்டுவார். பிடித்தவர்கள் அறுந்த நூலை முடிந்த கையோடு பதிலுக்குத் திருகிக் காட்டுவார்கள். நானும் பின்னாலேயே திருகிக்கொண்டு போவேன். வார்டு மெம்பர் மகள் என்ற திமிர் எனக்கு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை சேலை கட்டி, மேலே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் எதிர்வீட்டு வால்டர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடிக் கதவுக்குள்ளே நின்றார், திறக்கவில்லை. நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. கும்பிட்ட கை தானாகக் காற்றில் திருகியது. அவர் பதறிப்போய்த் தன் பூட்டைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, "என் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ரிப்பேர் எதுவும் வேண்டாம்" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு விவரம் சொன்னேன்.

"தேர்தலே இல்லையே. என்னிடம் எதற்குக் கேட்கிறாய்?"

"நாளைக்கு உங்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?"

அவர் கதவை இன்னும் அகலத் திறந்தார். "தேர்தல் நடந்தபோதுகூட இந்தக் கதவை யாரும் தட்டியதில்லை" என்றார். அந்தக் கைத்திருகலின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் என்னைப் போகவிட்டார். தெருத்தெருவாக அப்படியே கையைத் திருகி, கதையைச் சொல்லி நடந்தேன்.

அடுத்த வாரம் சிட்டி ஹாலிலிருந்து கிளார்க் அம்மையார் போனில் கூப்பிட்டார். ஓட்டுச்சாவடி எங்கே என்று ஊரே போன் செய்கிறதாம். நான் பொய்த் தேர்தல் நடத்துகிறேனா என்று கேட்டார். கும்பிடப்போய்க் காரியத்தையே கெடுத்துக்கொண்டேன் என்று பயந்தேன்.

நேர்காணலன்று, எப்போதும் காலியாகக் கிடக்கும் கூடத்தில் நாற்காலி பற்றவில்லை. உறுப்பினர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். "நியமிப்பது உங்கள் உரிமை. அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். எங்கள் ஊரில் கேட்காமல் யாரும் உட்காருவதில்லை" என்றேன்.

"இதுதானே உங்கள் ஊர்?" என்றார் அவர்.

நான் கூடத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; ஓட்டுக்கு விட்டார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன. அடுத்த நவம்பர் வரை அந்த இடம் எனக்கு. அதற்குப் பிறகு தேர்தலில் நிற்பேன். இதே வாசல்களுக்குத்தான் மறுபடி போவேன்.

உறுதிமொழிக்காக வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். கடைசி வரிசையில் வால்டர் எழுந்து நின்று, கையை நீட்டிக் காற்றில் பூட்டைத் திறந்தார். அவர் பக்கத்திலிருந்தவர்களும் திருகினார்கள். மங்கலத்தில் மை வைத்துக்கொண்ட என் இடது கை, சேலை மடிப்புக்குள், பதிலுக்குத் திருகிக்கொண்டிருந்தது.